குடையை ஒளித்தவள்

ஒசாகா
ஜனவரி 14, 1996

ஃபுசாயே அண்ணிக்கு,

பனி எப்படி, குளிர் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. அதற்கான மனநிலையில் நான் இல்லை. சாவு நடந்த வீட்டுக்குப் புத்தாண்டு வாழ்த்து அட்டையும் அனுப்பக் கூடாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணனின் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு தபாலில் ஒரு பெட்டி வந்தது. திறந்தால் பச்சைத் தேயிலை. கூடவே அச்சடித்த அட்டை. "தாங்கள் அளித்த இரங்கல் காணிக்கைக்கு நன்றி. சடங்குகள் யாவும் நிறைவுற்றன." கூடப் பிறந்தவளுக்கு அச்சடித்த அட்டையா அண்ணி? நான் என்ன, உங்கள் சலவைக் கடைக்குக் கோட்டு போட வந்த வாடிக்கையாளரா? என் வீட்டுக்காரர் அதைப் போட்டு ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்ல தேயிலைதான்" என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

தேயிலையையாவது விட்டுவிடலாம். சாவன்று நடந்ததை என்னால் விட முடியவில்லை. நல்லாயிருந்த மனுஷன், துணி கொடுக்கப் போன இடத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பெட்டிக்குள் பூக்களுக்கு நடுவில் படுத்திருக்கிறான். நான் தலைமாட்டில் விழுந்து கதறுகிறேன். நீங்கள் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நம் சித்தி என் காதில், "அழுத்தக்காரிடி உங்க அண்ணி" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. குடித்துக்கொண்டே மைக் பிடித்துப் பாடும் அந்தக் கமோமே பாட்டுக்கடைக்குப் போனால் அண்ணன் எப்போதும் பாடுவானே, 'குடையை ஒளித்தவள்'. அது இரண்டு பேர் பாடுகிற பாட்டு. ஊருக்குப் போகக் கிளம்பும் ஆண் தன் குடையைத் தேடுவான். அவன் போகக் கூடாது என்று அதை ஒளித்து வைத்தவள் பதில் சொல்லுவாள். அண்ணன் ஆணின் வரிகளைப் பாடுவான். இரண்டாவது மைக்கை உங்கள் முன்னால் மேசையில் வைப்பான். நீங்கள் அதைத் தொட்டதே இல்லை. உங்கள் வரிகள் வரும்போது வெறும் இசை மட்டும் ஓடும். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். நாலே நாலு வரி அண்ணி! புருஷனுக்காக நாலு வரி பாட முடியவில்லையா?

இத்துடன் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். நான் வழிகாட்டியாகப் போகும் சுற்றுலா பஸ்ஸில் பயணிகளை அழவைக்கும் காதல் பாட்டுகளாகப் பார்த்துப் பதிவு செய்தது. கடைசியில் 'குடை'யும் இருக்கிறது. இதயம் என்று ஒன்று இருந்தால் மூன்றாவது பாட்டுக்குள் அழுகை வந்துவிடும். சித்தி, மாமா எல்லோர் முன்னாலும் சொன்னேன், இப்போது எழுத்திலும் சொல்கிறேன். நீங்கள் என் அண்ணனுக்காக அழுதீர்கள் என்று தெரிகிறவரை அந்த வீட்டு வாசல்படியை மிதிக்க மாட்டேன். வருஷத் திவசத்துக்கும் வர மாட்டேன்.

சிஸுரு


சகாய்மினாத்தோ
பிப்ரவரி 20

அன்புள்ள சிஸுரு,

தைசென் மலையில் பனி இடுப்பளவுக்கு இருக்கிறது. துறைமுகத்தில் நண்டு வரத்து குறைந்துவிட்டது. உன் வீட்டுக்காரருக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? ஒசாகாவில் குளிர் குறைவென்றாலும் காலுக்குக் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல்.

தேயிலை என் தவறு. காணிக்கை தந்தவர்களின் பெயர்களைச் சடங்குக் கடைக்காரரிடம் அப்படியே கொடுத்துவிட்டேன். உன் பெயரை எடுத்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பிவிட்டார்கள். மன்னித்துக்கொள்.

கேசட்டுக்கு நன்றி. இஸ்திரி போடும் அறையில் வைத்து முழுவதும் கேட்டேன். முதல் பாட்டில் ஒரு பெண் மழையில் நனைந்துகொண்டே துறைமுகத்தில் காத்திருக்கிறாள். கூரைக்கு அடியில் நின்றும் காத்திருக்கலாம். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? இரண்டாவதில் ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் பெண் ஒவ்வொரு ஜன்னலிலும் அவன் முகத்தைத் தேடுகிறாள். பாவம்தான். ஆனால் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி ஆகும்? மூன்றாவதில் புருஷன் போன பிறகும் ஒருத்தி தினமும் இரண்டு கிண்ணம் சோறு வைக்கிறாள். கைப்பழக்கத்தில் நானும் கொஞ்ச நாள் இரண்டு பேருக்குத்தான் உலை வைத்தேன். மிஞ்சியதை மறுநாள் வறுத்துச் சாப்பிட்டேன். அழ என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

'குடை'யும் கேட்டேன். மழை பெய்தால் கிளம்புகிற மனிதனிடம் குடையைக் கொடுக்க வேண்டும். ஒளித்து வைப்பது என்ன பழக்கம்?

அழுகை வரவில்லை. வந்தது என்று எழுதிவிட்டால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது.

ஒரு விஷயம். நீ இங்கே விட்டுப்போன துக்க கிமோனோவைச் சுத்தம் செய்து அனுப்பியிருக்கிறேன். இடது கை முழுவதும் உப்பும் முகப் பவுடருமாக இருந்தது. பட்டில் கண்ணீர் பட்டால் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். வெதுவெதுப்பான நீரில் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. நீ அவ்வளவு அழுதிருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்காக அப்படி அழ ஒருத்தி இருந்தாளே என்று நன்றியாக இருந்தது.

ஃபுசாயே


ஒசாகா
மார்ச் 30

அண்ணிக்கு,

இங்கே செர்ரி மொட்டு விட்டிருக்கிறது. பார்த்தீர்களா, பருவகால விசாரிப்பு எழுதிவிட்டேன். கிமோனோ வந்தது. புதுசு மாதிரி இருக்கிறது. அதற்காக ஒரு வரி, நன்றி. கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியதைப் பஸ் ஓட்டுநர் நிஷிவாக்கியிடம் படித்துக் காட்டினேன். "வியாபாரம் எப்படி ஆகும்" என்ற இடத்தில் அந்த ஆள் சிரித்த சிரிப்பில் பஸ்ஸை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. "உங்க அண்ணிகிட்ட எந்தப் பாட்டும் பலிக்காதும்மா. அவங்க இஸ்திரிப் பெட்டிய முதல்ல பிடுங்குங்க" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று அப்புறம் எரிச்சலாக இருந்தது.

அண்ணி, அந்தப் பாட்டுகளை அப்படிக் கேட்கக் கூடாது. அவள் ஏன் கூரைக்கு அடியில் நிற்கவில்லை என்று கேட்பதற்காகவா பாட்டு? நான் முப்பது வருஷமாகப் பஸ்ஸில் மைக் பிடிக்கிறேன். கோயில் பெயரும் மலைப் பெயரும் சொல்லும்போது பாதிப் பேர் தூங்குவார்கள். கடைசிச் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறபோது ஒரு காதல் பாட்டு எடுப்பேன். உள்ளே இருட்டு, யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. வெளியே வந்தால் முக்கால்வாசிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பார்கள். போன வாரம் இறங்கும்போது ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல அழுதா என்ன ஏதுன்னு கேப்பாங்கம்மா. இங்க பாட்டு மேல பழியப் போட்டுட்டு அழுதுட்டேன். நல்லாயிரு" என்று சொன்னாள். பாட்டு எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

அதனால் முறையாகச் செய்யுங்கள். இஸ்திரியை அணைத்துவிடுங்கள். கடைக் கதவைச் சாத்துங்கள். கையில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சும்மா உட்கார்ந்து கேளுங்கள். அதற்கும் அழுகை வரவில்லை என்றால் ஒன்றே ஒன்று நேராகக் கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். என் அண்ணனை உங்களுக்குப் பிடித்ததா இல்லையா?

சிஸுரு


சகாய்மினாத்தோ
ஜூன் 16

அன்புள்ள சிஸுரு,

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. துணி உலர்வதில்லை. கடைக்குள் கயிறு கட்டி எல்லோருடைய சட்டைகளுக்கும் நடுவில் குனிந்து குனிந்து நடக்கிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு அது காரணமில்லை. நீ கேட்ட கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர்கூடக் கேட்டதில்லை.

பிடித்தது, சிஸுரு. மிகவும் பிடித்தது.

பாட்டு விஷயத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புப் பாட்டுப் போட்டிக்குப் போனது. பாட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஃபுசாயே, நீ கடைசி வரிசைல நின்னுக்கோ. வாய மட்டும் அசை. சத்தம் வேணாம்" என்றார். நல்ல டீச்சர்தான், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் வகுப்புக்குப் பரிசும் கிடைத்தது. அதிலிருந்து நான் எங்கேயும் சத்தமாகப் பாடியதில்லை. குளிக்கும்போதுகூட இல்லை.

கல்யாணமான புதிதில் உன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு கமோமேக்கு அழைத்துப் போனார். அந்தக் கடையில் மதியத்திலிருந்தே பாட்டு உண்டு, உனக்குத் தெரியும். இரண்டு பேர் பாடுகிற பாட்டாகப் பார்த்து அதைத்தான் எடுத்தார். என்னை எப்போதும் திரைக்கு முதுகு காட்டிய நாற்காலியில்தான் உட்கார வைப்பார். வரிகள் ஓடும் திரை என் தலைக்குப் பின்னால் இருக்கும். அவர் திரையைப் பார்த்துப் பாடுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அவர் என்னைப் பார்த்துத்தான் பாடினார்.

என் வரிகள் வரும்போது நான் வாயசைத்தேன். ஒரு தடவைகூட விட்டதில்லை. என் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த உங்களுக்கெல்லாம் அது தெரிய வழியில்லை. எதிரே நின்ற அவருக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இன்னிக்கு ரெண்டாவது வரியில கொஞ்சம் முந்திட்ட" என்பார். சத்தமே இல்லாத பாட்டில் முந்தியதைக் கண்டுபிடிக்கிற மனுஷனை எனக்குப் பிடிக்காமல் இருக்குமா?

நீ சொன்ன மாதிரி இஸ்திரியை அணைத்தேன். கதவைச் சாத்தினேன். 'குடை' மட்டும் கேட்டேன். அவர் குரல் இல்லாத அந்தப் பாட்டு எனக்கு வேறு யாருடைய பாட்டாகவோ இருந்தது. அழுகை வரவில்லை. நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது, அது தெரிகிறது. அது எந்தப் பக்கமாக வெளியே வரும் என்றுதான் தெரியவில்லை.

கேட்டதற்கு நன்றி. கேட்கிற மனசு உனக்கு மட்டும்தான் இருந்தது.

ஃபுசாயே


ஒசாகா
ஆகஸ்ட் 18

அண்ணி,

இறந்த முன்னோர்கள் நம் வீட்டுக்கு வந்து திரும்பும் நாட்கள் இங்கே முடிந்தன. அண்ணனுக்கு முதல் வருஷம். அவன் உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருப்பான், ஒசாகாவுக்கு வழி தெரியாது. ஆனாலும் மாடத்தில் அவனுக்கு ஒரு கிண்ணம் சோச்சுச் சாராயம் வைத்தேன்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து என்னால் பஸ்ஸில் ஒழுங்காகப் பாட முடியவில்லை. சுரங்கப்பாதைக்குள் நுழைகிறேன், பாட்டை எடுக்கிறேன், குரல் பிசகிவிடுகிறது. முப்பது வருஷமாக நான் நேரம் பார்த்து அழுகிறவள் அண்ணி. எந்த வரியில் குரல் நடுங்க வேண்டும், எந்த வரியில் கண் கலங்க வேண்டும், எல்லாம் கணக்கு. இப்போது கணக்கெல்லாம் தப்பிப் போயிற்று. நடுவில் நின்றுவிட்டேன், பயணிகளே சேர்ந்து பாடி முடித்தார்கள். "அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறான் நிஷிவாக்கி.

பன்னிரண்டு வருஷமாக, ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடையில் உங்கள் முதுகைப் பார்த்து, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொன்னவள் நான். அண்ணன் அதைக் கேட்டும் சிரிப்பான். ஏன் சிரித்தான் என்று இப்போது தெரிகிறது, திருட்டுப் பயல்.

அதனால் இப்படிச் செய்வோம். நீங்கள் அழ வேண்டாம். "அழுதேன்" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும். சித்தி முன்னாலும் மாமா முன்னாலும் வாய் விட்டுவிட்டேன், எனக்கும் முகம் வேண்டுமே. அந்த ஒரு வரியைச் சித்தியிடம் காட்டிவிட்டுத் திவசத்துக்கு வந்துவிடுகிறேன். வரவேண்டும் போலிருக்கிறது அண்ணி.

சிஸுரு


சகாய்மினாத்தோ
செப்டம்பர் 8

அன்புள்ள சிஸுரு,

செந்நண்டு வலை போட்டுவிட்டார்கள். துறைமுகம் பூராவும் நண்டுத் தண்ணீர் வாடை, கடைக்கு வரும் துணியிலும் அதே வாடை.

நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் வீணாயிற்று. அழாமல் அழுதேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேறு எதற்காகவாவது எழுதிவிடலாம். இதற்காக முடியாது. கோபித்துக்கொள்ளாதே.

திவசம் நவம்பர் பதினேழு, ஞாயிறு, காலை பதினொன்று. உனக்கு ஒரு இடம் போட்டு வைத்திருப்பேன். நீ வராவிட்டாலும் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விட மாட்டேன். அவர் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான்.

ஃபுசாயே


சகாய்மினாத்தோ
அக்டோபர் 28

சிஸுரு,

விசாரிப்பெல்லாம் அப்புறம். நேற்று நடந்ததைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கமோமேயின் நாற்காலி உறைகளைத் துவைக்க எடுத்து வந்திருந்தேன். நேற்று ஞாயிறு மதியம், நல்ல மழை. வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று போனேன். கடைக்காரி ரிகாகோ விடவில்லை. "உன் வீட்டுக்காரர் வாங்கி வச்ச பாட்டில் இன்னும் அலமாரிலதான் இருக்கு. கழுத்துல அவர் பேர் எழுதின அட்டை தொங்குது. அத நான் யாருக்கு ஊத்துறது? உக்காரு" என்றாள். அவர் பாட்டிலிலிருந்து ஒரு கிண்ணம் சோச்சு, வெந்நீர் கலந்து தந்தாள். பழக்கதோஷம், திரைக்கு முதுகு காட்டிய அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

வழக்கமாக வருகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவரவர் பாட்டு அவரவருக்கு. மீன் சந்தை ஹொரிபே தன் பாட்டைப் பாடினார், முடிவெட்டும் கடைக்காரர் தன் பாட்டைப் பாடினார். உன் அண்ணன் போனதிலிருந்து அங்கே 'குடை'யை யாரும் தொட்டதில்லையாம். ஒருத்தர் பாட்டை இன்னொருத்தர் எடுப்பது முறையில்லை, செத்துப்போனால் இன்னும் முறையில்லை. ரிகாகோ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கதவோரத்தில் ஒரு வெளியூர் ஆள். ஹிரோஷிமாவிலிருந்து நண்டு ஏற்ற வந்த லாரி ஓட்டுநர். மழைக்கு ஒதுங்கியவர் போலிருக்கிறது. அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஏதோ ஒரு எண்ணை அழுத்தினார். முதல் இசை வந்ததும் கடையே நின்றுபோயிற்று. ஹொரிபே கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். ரிகாகோ பாட்டை நிறுத்தும் பொத்தானுக்கு ஓடினாள்.

"விடு ரிகாகோ. பாடட்டும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த மனுஷன் பாவம், ஒன்றும் புரியாமல் மைக்கை வைத்துக்கொண்டு விழித்தார். "ரெண்டு பேர் பாடுற பாட்டு மாதிரி இருக்கே. பொம்பள பாட்ட யாராவது பாடுறீங்களா?" என்று கேட்டார். ரிகாகோ இரண்டாவது மைக்கைக் கொண்டுவந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். உன் அண்ணன் வைக்கும் அதே இடத்தில் வைத்தாள். வேண்டுமென்றே வைத்தாளா, கைப்பழக்கமா, நான் கேட்கவில்லை.

லாரிக்காரர் பாடினார். "என் குடையைப் பார்த்தாயா?"

நான் வாயசைக்கத்தான் போனேன், சிஸுரு. எதிரே என் வாயைப் பார்க்கிறவர் இல்லை. அங்கே சும்மா வாயசைத்தால் அந்த வரி யாரிடமும் போய்ச் சேராது என்று தோன்றியது. மைக்கை எடுத்தேன். "பார்க்கவில்லையே" என்று பாடினேன். சத்தமாக.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, ஸ்ருதி எங்கேயோ போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அவர், "கடைசிப் படகு கிளம்பிவிடுமே" என்று பாடினார். நான், "கிளம்பட்டும், மழை விடட்டும்" என்று பாடினேன். "வாசலில்தானே வைத்தேன்" என்றார் அவர்.

அப்போது அது நினைவுக்கு வந்தது. உன் அண்ணன் போன அன்றைக்கும் மழைதான், சிஸுரு. அவர் துணிகளை ஏற்றிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்துவிட்டார். குடையை மறந்துவிட்டார். நான்தான் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "நனைஞ்சிடாதீங்க" என்றேன். "சரி சரி" என்றார். எங்களுக்குள் கடைசிப் பேச்சு அதுதான். இத்தனை வருஷம் அந்தப் பாட்டுக்கு வாயசைத்தேனே, அன்றைக்கு அந்த ஒரு நாள் குடையை ஒளிக்கத் தோன்றவில்லையே எனக்கு! அவர் இறங்கி வந்து வீடு முழுக்கத் தேடியிருப்பார். நானும் கூடவே தேடுகிற மாதிரி நடித்திருப்பேன். விழுந்திருந்தாலும் என் மடியில் விழுந்திருப்பார்.

கடைசி வரி, "தெரியாது, தெரியாது." அதை நான் பாடினேனா, அழுதேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. மேசை மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். ஹோ என்று அழுதேன். எனக்குள் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று தெரியாது. ரிகாகோ என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். ஹொரிபே சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். லாரிக்காரர் பயந்துபோய், "நான் ஏதாச்சும் தப்பாப் பாடிட்டேனாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. ரொம்ப நல்லாப் பாடினீங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மெஷின் மதிப்பெண் போட்டது. முப்பத்தெட்டு! ரிகாகோ மூக்கைச் சிந்திக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் இசாமு தனியா பாடினப்பகூட அறுபதுக்குக் கொறஞ்சதில்ல. நீ சேந்ததும் பாதாளத்துக்குப் போயிடுச்சே" என்றாள். அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

லாரிக்காரரின் மேல்சட்டை முழுவதும் நண்டுத் தண்ணீர். கழற்றித் தரச் சொல்லி வாங்கி வந்து, துவைத்து இஸ்திரி போட்டு, இன்று காலை அவர் கிளம்புவதற்குள் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. வேறு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

உனக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீ அவ்வளவு கோபப்பட்டிருக்காவிட்டால் நான் அழவில்லை என்பதையே யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். "தைரியமான பொம்பளை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். நீ ஒருத்திதான் விடாமல் நச்சரித்தாய். அந்த நச்சரிப்பு இல்லாவிட்டால் நேற்று, "விடு, பாடட்டும்" என்று சொல்லியிருக்க மாட்டேன்.

சித்தி சாட்சி கேட்பாள். அதனால் நேற்றைய கைக்குட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு துவைக்காத துணி ஒன்றை நான் வெளியே அனுப்புவது இதுதான் முதல் தடவை.

பதினேழு, ஞாயிறு, பதினொரு மணி. வா.

ஃபுசாயே


ஒசாகா
நவம்பர் 24

அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் ஊரை விட்டு வரும்போது மலை உச்சியில் முதல் பனி தெரிந்தது. இங்கே இன்னும் இலைகூட உதிரவில்லை.

கைக்குட்டையைச் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். அப்புறம் அவளும் அழுதாள். நான் அதைத் துவைக்கவில்லை. என் கிமோனோப் பெட்டியில் இருக்கிறது.

திவசத்தன்று கோயிலில் உங்கள் பக்கத்தில் அந்தக் காலி இருக்கையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் அதைத் தட்டிக் காட்டினீர்களே. எனக்கு அது போதுமாக இருந்தது. அப்புறம் கமோமேயில் நான் அண்ணனின் வரிகளைப் பாட, நீங்கள் உங்கள் வரிகளைப் பாட, மெஷின் இருபத்தொன்பது போட்டது. முப்பது வருஷம் மைக் பிடித்தவளுக்கு இருபத்தொன்பது! எல்லாம் உங்களால்தான். வெளியே சொல்லிவிடாதீர்கள், என் பிழைப்பு போய்விடும்.

ஆனால் நான் எழுத வந்தது அதையெல்லாம் இல்லை. திங்கட்கிழமை கிளம்பும்போது நல்ல மழை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன், என் குடையைக் காணோம். வைத்த இடத்தில் இல்லை. நீங்கள் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"அண்ணி, என் குடையப் பாத்தீங்களா?"

"பாக்கலியே" என்றீர்கள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இங்கதானே வச்சேன். நீலக் குடை. பஸ் போயிடும் அண்ணி."

"தெரியாதே" என்றீர்கள்.

சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே சொன்னீர்கள். பொய் சொல்ல வராதவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை! எனக்கு அரை நிமிஷம் ஒன்றும் உறைக்கவில்லை. அப்புறம் புரிந்தது. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸையும் விட்டேன்.

அன்றும் மறுநாளும் இருந்தேன். சட்டியில் நண்டு கொதிக்க வைத்தீர்கள். அண்ணன் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகத் துணி கொடுத்தீர்கள். அவன் விழுந்த வாசலில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் இறங்கி நின்றோம். அந்த வீட்டம்மா வெளியே வந்து, "அன்னிக்கு அவர் சிரிச்ச முகமாத்தான் வந்தாரும்மா. ஒரு துளி நனையல" என்றாள். உங்களால்தான் அண்ணி. நீங்கள் குடை கொடுத்ததால்தான் அவன் நனையாமல் போனான். அதை அங்கேயே உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுதிவிட்டேன். புதன்கிழமை நல்ல வெயில், குடையைப் பற்றி இரண்டு பேரும் பேச்செடுக்கவே இல்லை.

எனக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், அவன் போனதும் அந்த ஊரில் எனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை என்று சொன்னதற்கு நன்றி அண்ணி, இரண்டே வார்த்தையில் சொன்னீர்கள்.

அந்தத் தேயிலைப் பெட்டியை இத்தனை நாள் கண்ணில் படாத இடத்தில் வைத்திருந்தேன். இன்று எடுத்துப் போட்டுக் குடித்தேன். நல்ல தேயிலைதான்.

சிஸுரு

பின்குறிப்பு: என் குடையைச் சாவகாசமாகத் தபாலில் அனுப்பினால் போதும்.


சகாய்மினாத்தோ
டிசம்பர் 3

அன்புள்ள சிஸுரு,

இங்கே தினமும் மழை. உன் வீட்டுக்காரருக்கு இரண்டு நண்டு அனுப்பியிருக்கிறேன், காலைப் பிளந்து வைத்திருக்கிறேன், அப்படியே சாப்பிடலாம்.

உன் குடையை வீடு முழுக்கத் தேடிவிட்டேன். எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நீயே வந்து தேடிப் பார்.

ஃபுசாயே